மலிவு வீட்டின் விலை: பட்டினப்பாக்கம் சொல்லும் ஐம்பதாண்டுக் கணக்கு

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பழைய போர்டு குடியிருப்பின் ஜன்னல் சிலாப் பெயர்ந்து விழுந்தது. கீழே நடந்து வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். வழக்கம்போல் அடுத்த நாள் இரண்டு குரல்கள் எழுந்தன. கட்டடம் பழுதாகிவிட்டது, காலி செய்யச் சொன்னோம், மக்கள் போகவில்லை என்றது ஒரு குரல். போனால் எங்கே போவது, திரும்பி வர விடுவார்களா என்று கேட்டது இன்னொன்று.

இந்த இரண்டு குரலுக்கும் நடுவே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இதை அந்த ஒரு இரவின் விபத்தாக மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக அரசு ஏழைகளின் வீட்டுக்கு எவ்வளவு செலவழித்தது, எதை மிச்சம் பிடித்தது, மிச்சம் பிடித்ததாகச் சொன்னதை யார் கட்டினார்கள் என்பதே அந்தக் கணக்கு. சமூகப் பணிக்கு வரும் இளம் தோழர்கள் வெளியேற்ற அறிவிப்பு வந்தவுடன் மனு எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். அதோடு இந்தக் கணக்கைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுக் கனவு

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ல் கலைஞர் மு.கருணாநிதி ஆட்சியில் தொடங்கப்பட்டது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். ஏழே ஆண்டுகளில் சென்னையில் குடிசைகளே இல்லாமல் செய்வது இலக்கு. 1971-ல் குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. அதே காலத்துக் கணக்கெடுப்பு, நகரில் 1,202 குடிசைப்பகுதிகள் இருப்பதாகச் சொன்னது. அவை சட்டப்படி அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு என்றால் வெறும் காகிதம் அல்ல. அங்கே தண்ணீரும் விளக்கும் கழிப்பறையும் தரும் கடமையை அரசு ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

அன்று வாரியம் எடுத்த முடிவில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே, மூன்று நான்கு மாடிக் குடியிருப்பு எழுந்தது. சீனிவாசபுரம் அப்படி வந்த இடங்களில் ஒன்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அடையாறு முகத்துவாரம். மீனவர்களும் தலித் மக்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இடம். மீன் விற்கும் அக்காவுக்குக் கடல் வாசலில் இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மந்தைவெளி, சாந்தோம், மயிலாப்பூர் எல்லாம் நடக்கிற தூரம். வீடு சிறியதுதான். ஆனால் அந்த வீட்டின் உண்மையான மதிப்பு அதன் சுவருக்குள் மட்டும் இல்லை; அது நின்ற இடத்தில் இருந்தது.

ஏழு ஆண்டு முடிந்தது, கனவு முடியவில்லை. 1985-ல் மேலும் 17 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குப் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகளும் பெருகின. ஆனால் அறிவித்தால் செலவு செய்ய வேண்டும். அறிவிக்காவிட்டால் அந்த மக்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்'. ஒரு சொல்லை எழுதாமல் விட்டதிலேயே அரசுக்கு எத்தனை கோடி மிச்சம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்புக்காற்றும் பராமரிப்பும்

கடற்கரையில் கட்டிய கான்கிரீட்டுக்கு ஒரு வாழ்க்கை உண்டு. காற்றிலும் ஈரத்திலும் இருக்கும் உப்பு மெல்ல உள்ளே இறங்கி இரும்புக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் உள்ளிருந்து கான்கிரீட்டை நெம்பும். முதலில் விரிசல், பிறகு பூச்சு உதிரும், பிறகு சிலாப் பெயரும். இதைத் தடுக்க முடியாதா? கம்பிக்கு மேல் போதுமான கனத்தில் நல்ல கான்கிரீட் போட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிசலை அடைத்துப் பூச வேண்டும். குழாய்க் கசிவை உடனே சரிசெய்ய வேண்டும். கட்டடப் பொறியியல் படிக்கும் எந்த மாணவருக்கும் தெரிந்த செய்திதான்.

இதில்தான் முதல் 'மிச்சம்' பிடிக்கப்பட்டது. கட்டுவதற்கு நிதி ஒதுக்குவது செய்தியாகும். திறப்பு விழா நடக்கும். கல்வெட்டில் பெயர் வரும். பராமரிப்புக்கு ஒதுக்கினால் எந்தக் கல்வெட்டும் வராது. வாடகை குறைவு, தவணை வசூல் குறைவு, அதனால் பராமரிக்கப் பணமில்லை என்பது வாரியங்கள் காலங்காலமாகச் சொல்லும் விளக்கம். வீடு உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்டது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொரு விளக்கம். ஆனால் நான்கு மாடிக் கட்டடத்தின் தூணையும் கூரையையும் தினக்கூலியில் வாழும் ஒரு குடும்பம் எப்படித் தனியாகப் பார்த்துக்கொள்ளும்?

விளைவை 2021-ல் சென்னை முழுவதும் பார்த்தோம். ஆகஸ்ட் மாதம் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. ஐ.ஐ.டி. குழு வந்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. டிசம்பரில் திருவொற்றியூரில், 1990களில் கட்டிய குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், அப்படியே சரிந்தது. முதல்நாள் இரவே விரிசலைக் கவனித்து மக்கள் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. முப்பது வயதைக்கூட எட்டாத கட்டடம் அது. பராமரிப்பில் மிச்சம் பிடித்த பணம், இடித்துக் கட்டும் செலவாகப் பல மடங்கு பெருகி அரசின் தலையிலேயே வந்து விழுகிறது. அதற்கு முன்பே மக்கள் தலையில் சிலாப் விழுந்துவிடுகிறது.

தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒரு திட்டம்

1977-ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. மாடி வீடு கட்டித் தருவது செலவு அதிகம், போட்ட பணம் திரும்பாது என்பது வங்கியின் வாதம். அதற்கு மாற்றாக அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் மனைப்பிரிவுகள் போடப்பட்டன. அரசு சிறு மனையும், சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியும் தரும். வீட்டைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளும். பல வருமானப் பிரிவினருக்கும் கலந்து மனைகள் ஒதுக்கப்பட்டன.

உலக வங்கியின் நோக்கங்களை நாம் கொண்டாட வேண்டியதில்லை. தண்ணீரையும் வீட்டையும் 'போட்ட பணம் திரும்ப வருமா' என்று மட்டும் பார்க்கும் பார்வை எத்தனை கேடுகளைக் கொண்டுவந்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த மனைப்பிரிவுகளுக்கு நேர்ந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் பல மனைகள் காலியாகக் கிடந்தன. தவணை சரியாக வரவில்லை. தோல்வி என்று முடிவு கட்டி, இந்த வகைத் திட்டங்களையே கைவிட்டார்கள். இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னையிலும் மும்பையிலும் அந்த இடங்களுக்குத் திரும்பிப்போன ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி என்ற ஆய்வாளர்கள், 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் வேறு கதையைச் சொன்னார்கள். காலி மனைகள் நிரம்பியிருந்தன. வீடுகள் மாடி மாடியாக வளர்ந்திருந்தன. கடையும் பள்ளியும் கலந்த, பல வருமானத்தினரும் வாழும் உயிர்ப்பான தெருக்கள் உருவாகியிருந்தன.

முதலில் மனை பெற்ற ஏழைகள் எல்லோரும் இன்றும் அங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் விற்றபோது அவர்கள் கையில் விற்பதற்கு ஒரு சொத்து இருந்தது. ஐந்தாம் ஆண்டில் மதிப்பெண் போட்டால் தோல்வி, இருபத்தைந்தாம் ஆண்டில் போட்டால் வெற்றி. அப்படியானால் ஒரு திட்டத்தை எந்த ஆண்டில் நின்று மதிப்பிடுகிறோம் என்பதே ஓர் அரசியல் கேள்வி.

ஊருக்கு வெளியே, மறுபடியும்

2000-ஆம் ஆண்டு முதல் திசை முழுதாக மாறியது. இருக்கும் இடத்தில் கட்டுவதை விட்டு, நகரத்தின் விளிம்பில் மொத்தமாகக் கட்டத் தொடங்கினார்கள். முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர்: 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி: 6,000-க்கும் மேல். பிறகு ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்ட நிதியில் பெரும்பாக்கம்: 20,000-க்கும் மேல். சுனாமியில் அடிபட்ட சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டன. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றுக் கரையிலும் கூவம் கரையிலும் இருந்தவர்கள் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள்.

ஏன் அங்கே? நிலம் மலிவு. ஒரே இடத்தில் கட்டினால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவும் குறைவு. ஏட்டில் பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் மலிவு நிலம் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள், செம்மஞ்சேரியில் மழைக்காலம்தோறும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

இப்போது ஒரு குடும்பத்தின் கணக்கைப் போடுவோம். இது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே; உங்கள் பகுதியில் நீங்கள் விசாரித்து உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். பட்டினப்பாக்கத்தில் இருந்தபோது ஒரு பெண் மூன்று வீடுகளில் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிப் போனபின் பஸ்ஸில் வந்து திரும்ப மூன்று மணி நேரம். மூன்றாவது வீட்டு வேலை போய்விடும். அதில் மாதம் 2,000 ரூபாய் இழப்பு என்றால் 15 ஆண்டுகளில் 3,60,000. பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நாளுக்கு 40 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 15 ஆண்டுகளில் 1,80,000. மொத்தம் 5,40,000 ரூபாய். கல்வியாண்டின் நடுவில் இடம் மாறியதால் பத்தாம் வகுப்போடு நின்ற மகனின் வாழ்நாள் வருமானம் இதில் சேரவில்லை. 'எந்த ஏரியா?' என்று கேட்டுவிட்டு வேலை இல்லை என்று அனுப்பும் முதலாளி இந்தக் கணக்கில் இல்லை. கைக்கடன் கொடுக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பழைய பக்கத்து வீட்டை இழந்ததும் இதில் இல்லை.

அரசு மிச்சம் பிடித்ததாக எழுதிக்கொண்ட நிலத்தின் விலையை இந்தப் பெண் தவணை முறையில், தன் காலாலும் தூக்கத்தாலும் கட்டியிருக்கிறார். அதை வரவு வைக்க எந்த அரசுப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 1987-ல் அகமதாபாத்தில், சேவா அமைப்பைச் சேர்ந்த பீடித் தொழிலாளிப் பெண்களுக்கு நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிச் சலுகை விலையில் வீடுகள் குலுக்கல் முறையில் தரப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் கழித்து பார்ன்ஹார்ட், ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகிய பொருளியலாளர்கள் வென்றவர்களையும் வெல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வென்றவர்களில் 34 விழுக்காட்டினர் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. 32 விழுக்காட்டினர் போய்விட்டு வெளியேறிவிட்டார்கள். வருமானத்திலோ பிள்ளைகளின் நிலையிலோ வென்றவர்கள் முன்னேறியிருக்கவில்லை. மாறாக, அவசரத்துக்கு உதவும் உறவு வட்டம் சுருங்கியிருந்தது. அங்கே குலுக்கலில் சேருவதும் சேராததும் அவர்கள் விருப்பம். நம் மக்களுக்கு அந்த விருப்பமும் இல்லை. புல்டோசர் வந்து நின்றது.

ஊர் ஓரிடம், சேரி ஓரிடம் என்று கிராமத்தில் வரைந்த கோட்டை நகரம் அழித்துவிடும் என்று நம்பித்தான் நம் பாட்டன்மார் பட்டணத்துக்கு வந்தார்கள். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் அந்தக் கோட்டை மறுபடி வரைந்துவிட்டன. இந்தமுறை கோடு சாதியின் பெயரால் வரையப்படவில்லை. சிக்கனத்தின் பெயரால் வரையப்பட்டது. விளைவில் வேறுபாடு குறைவு.

அண்ணல் கற்றுத்தந்த கேள்வி

அம்பேத்கரைச் சட்ட மேதையாக மட்டும் படிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அவர் பொருளியலாளர், பொது நிதியைப் படித்தவர். 1925-ல் வெளிவந்த, பிரிட்டிஷ் இந்திய மாகாண நிதி வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் 1833 முதல் 1921 வரையான வரலாற்றை ஆராய்கிறது. அந்த வரலாற்றில் ஒரு முக்கியக் கட்டம் மேயோ பிரபுவின் 1870-ஆம் ஆண்டு ஏற்பாடு. கல்வி, மருத்துவம், சாலை, போலீஸ் போன்ற துறைகளை மைய அரசு மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ஆனால் அதுவரை அவற்றுக்கு ஆன செலவைவிடக் குறைவான தொகையையே கொடுத்தது. மைய அரசின் ஏட்டில் சிக்கனம். பற்றாக்குறையை ஈடுகட்ட மாகாணங்கள் உள்ளூர் வரி போட்டன. செலவு குறையவில்லை, கை மாறியது, அவ்வளவுதான்.

இந்த ஒரு பாடம் போதும். 'அரசு சிக்கனம் செய்தது' என்று யாராவது சொன்னால், செலவு குறைந்ததா அல்லது இடம் மாறியதா என்று கேளுங்கள். கண்ணகி நகர் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம், வரவேற்போம். ஆனால் அதற்கு முன் இருபது ஆண்டுகள், 2018 ஜனவரிக் கட்டண உயர்வு உட்பட, அந்தப் பெண்களே முழுச் செலவையும் சுமந்தார்கள். இன்று அரசு தரும் அந்த மானியத்தில் ஒரு பகுதி, தான் தள்ளிவைத்த பழைய செலவையே அரசு தாமதமாகக் கட்டுவதுதான்.

நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரமும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. நடைபாதையில் வாழ்பவர் அங்கே வாழ்வது அருகில் வேலை இருப்பதால்தான் என்பதையும் ஏற்றது. ஆனாலும் உரிய அறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றே தீர்ப்பு முடிந்தது. இடமும் வேலையும் ஒன்று என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் இடத்தைக் காக்கச் சட்டம் போதவில்லை. மீதி வேலை நம்முடையது.

எதிர்வாதத்துக்கும் காது கொடுப்போம்

'கடல் அரிக்கிறது, ஆபத்தான இடத்திலேயே இருக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2018-ல் சீனிவாசபுரத்தில் கடல் உள்ளே வந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. உயிருக்கு மேல் எதுவும் இல்லை. அலை தொடும் வரிசையில் இருப்பவர்கள் நகரத்தான் வேண்டும். ஆனால் நகர்வது என்றால் 20 கிலோமீட்டரா? இதே கடற்கரையில் நொச்சிக்குப்பத்தில் பழைய அடுக்குகளை இடித்துவிட்டு அங்கேயே புதியவை கட்டினார்கள். பட்டினப்பாக்கத்திலேயே, அரசு ஊழியர் குடியிருப்புகள் நின்ற வீட்டுவசதி வாரிய நிலத்தில் பெரும் வணிக வளாகத் திட்டம் பேசப்படுகிறது. வணிகத்துக்குப் பாதுகாப்பாகத் தெரியும் நிலம், வீட்டுக்கு மட்டும் எப்படி ஆபத்தாகிறது?

'நகருக்குள் நிலம் விலை அதிகம், அந்தப் பணத்தில் புறநகரில் பத்து மடங்கு வீடு கட்டலாம்' என்பது அடுத்த வாதம். நிலம் அரசுடையது, வாங்க வேண்டியதில்லை. விற்றால் கிடைக்கும் தொகையை இழப்பு என்று கணக்கு வைக்கும் அதிகாரிகள், மக்கள் இழக்கும் 15 ஆண்டு வருமானத்தையும் அதே ஏட்டில் எதிர்ப்பக்கம் எழுதட்டும். அதற்குப் பிறகு எது மலிவு என்று பேசலாம்.

இப்போது கேட்க வேண்டியவை

குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பழைய அடுக்குகளை இடித்து அதே இடத்தில் கட்டும் பணி பல பகுதிகளில் நடக்கிறது. இது நாம் கேட்டதுதான்; எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடவும் கூடாது. காலி செய்யும் குடும்பத்துக்கான கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டு என்றே வைத்தாலும் மாதம் 1,333 ரூபாய். மந்தைவெளிப் பக்கம் அந்த வாடகைக்கு என்ன கிடைக்கும்? எனவே மீதி வாடகையைக் கட்டப் போவது மறுபடியும் அதே குடும்பம்தான்.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தால், கூட்டத்தில் எழுந்து இவற்றைக் கேளுங்கள்:

1. திரும்பி வரும் உரிமை எழுத்தில் உண்டா? ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும், வாடகைக்கு இருந்தவர்கள் உட்பட, பட்டியலில் இருக்கிறதா?
2. இடைக்கால வாடகை முழுதாகத் தரப்படுமா? கட்டுமானம் தாமதமானால் தாமதச் செலவு யாருடையது?
3. அடுத்த முப்பது ஆண்டுப் பராமரிப்புக்குத் தனி நிதி உண்டா? லிஃப்ட்டும் மோட்டாரும் யார் பொறுப்பு?
4. கடற்கரைக் காற்றுக்கு ஏற்ற தரத்தில் கட்டுகிறார்களா? தரச் சோதனை அறிக்கையை மக்கள் பார்க்கலாமா?
5. கிரயப் பத்திரம் எந்தத் தேதியில், யார் பெயரில்? பெண்ணின் பெயரும் அதில் இருக்குமா?

இந்த ஐந்துக்கும் பதில் எழுத்தில் கிடைக்காவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் இதே கட்டுரையை வேறு தேதி போட்டு எழுத வேண்டியிருக்கும்.

சீனிவாசபுரத்தின் அந்த ஜன்னல் சிலாப் 2024-ல்தான் விழுந்தது. ஆனால் அதன் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியது, பூசிவிடலாம் என்று சொல்ல ஓர் ஆள்கூட வராத ஏதோ ஓர் ஆண்டில். அன்று ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரின் நாள் கூலியும் மிச்சம் ஆனது. அந்தச் சிக்கனத்துக்கு ஓர் இளைஞன் தன் உயிரைக் கொடுத்தான். அடுத்தமுறை யாராவது மலிவு என்ற சொல்லைச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வோம், தோழர்களே.

ஜெய்பீம்!